16 கட்டத்துக்குள் ஒரு கண்டக்டர்

எட்டு மாதமாக நானும் என் தம்பியும் ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறோம். அவன் கோடிங், நான் படம். ஒரு மினி பஸ், ஒரு கண்டக்டர், 11 ஸ்டாப்பிங், நிறைய சில்லறைத் தகராறு, அவ்வளவுதான் கதை. பஸ் அடுத்த ஸ்டாப்பிங் போய்ச் சேருவதற்குள் ஏறினவர்கள் எல்லாருக்கும் டிக்கெட் கிழித்து மீதியும் கொடுத்து முடிக்க வேண்டும். யாருக்காவது மீதி பாக்கி வைத்தால் இறங்கும்போது சண்டை வரும்.

பகலில் எனக்கு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் வேலை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் பத்தடிக்கு எட்டடி. ராத்திரி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் 16 பிக்சல் அகலம், 24 பிக்சல் உயரம். இந்த இரண்டுக்கும் நடுவில் என் கை பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் எழுதப் போகிறேன். கண்டக்டரை மட்டும் ஏழு தடவை அழித்து வரைந்திருக்கிறேன். முதல் ஆறும் சரியாக வராததற்கு அடியில் ஒரே காரணம்தான் இருந்தது, அது ஆறாவதில்தான் கண்ணில் பட்டது.

முதலில் அளவு. திரை 320க்கு 180 என்று தம்பி முடிவு செய்தான். நாலு மடங்கு பெரிதாக்கினால் 1280க்கு 720, ஆறு மடங்கில் 1920க்கு 1080, பன்னிரண்டு மடங்கில் 4கே. முழு எண்ணால் பெருக்கினால்தான் எல்லா பிக்சலும் ஒரே அளவு சதுரமாக வரும். நாலே கால் மடங்கு என்று போனால் சில பிக்சல் குண்டாகவும் சில ஒல்லியாகவும் வந்து, மூஞ்சியில் ஒரு கண் பெரிசு ஒரு கண் சிறிசாகிவிடும். வேடிக்கை என்னவென்றால் எங்கள் வீட்டில் இருக்கிற பழைய லேப்டாப்பின் திரை 1366க்கு 768, நாலேகாலுக்கும் கொஞ்சம் மேலே. கடைசியில் நாலு மடங்கே வைத்துக்கொண்டு மேலும் கீழும் 24 பிக்சலும், பக்கத்துக்கு 43 பிக்சலும் கறுப்புப் பட்டையாக விட்டுவிட்டோம். நாங்கள் வேலை செய்வது கோடோ எஞ்சினில், அது கேம் செய்வதற்கான மென்பொருள். 4.2 பதிப்பிலிருந்து முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கு என்று ஒரு அமைப்பே அதில் இருக்கிறது, தட்டிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆள் அளவு நான் முடிவு செய்தது. முதலில் 32க்கு 48-ல் ஆரம்பித்தேன். அழகாகத்தான் வந்தது, சட்டைப் பட்டன்கூடத் தெரிந்தது. ஆனால் பஸ்ஸின் நீளம் 280 பிக்சல், அதற்குள் ஆறு பேர் நின்றதும் இடம் காலி. ஆறு பேர் போனால் அது மினி பஸ்ஸா, கல்யாணக் காரா? சரி என்று பாதியாகக் குறைத்தேன். தலை 8 பிக்சல், உடம்பும் காலும் சேர்த்து 16. மூன்று தலை உயரத்தில் ஒரு மனிதன்.

வரைகிறதற்கு முதலில் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஸ்பிரைட். ஏஸ்பிரைட் என்கிற பிக்சல் பட மென்பொருளின் பழைய திறந்தமூலப் பதிப்பிலிருந்து பிரிந்து வந்தது அது. அப்புறம் ஏஸ்பிரைட்டுக்கே மாறினேன். விலைக்கு வாங்கினால் 20 டாலர் பக்கம், ஆனால் அதன் மூல நிரலை எடுத்து நம் சொந்த உபயோகத்துக்கு நாமே கம்பைல் செய்து, அதாவது ஓடுகிற மென்பொருளாக மாற்றிக்கொள்ள அனுமதி இருக்கிறது. தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்து கொடுத்தான். கேம் விற்க ஆரம்பித்ததும் முதல் காசில் அதை வாங்கிவிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

முதல் கண்டக்டர் ஃப்ளெக்ஸ் கண்டக்டர். கடையில் எதைச் செய்தாலும் ஓரத்தில் இருட்டு, நடுவில் வெளிச்சம், பின்னால் ஒரு நிழல், சுற்றிலும் ஒரு ஒளி. கை அதையே இங்கேயும் செய்தது. சட்டையின் ஓரம் முழுக்கக் கருமை, நடுவில் வெளிர், முகத்திலும் அப்படியே. பிக்சல் கலைக்காரர்கள் இதற்குத் தலையணை நிழல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற யோசனையே இல்லாமல் உருவத்தைச் சுற்றி நிழல் போட்டால் எல்லாம் பஞ்சு அடைத்த மாதிரி உப்பலாகத் தெரியும். என் கண்டக்டர் காக்கித் தலையணை மாதிரியே இருந்தார்.

இரண்டாவது தடவை சுற்றிலும் கறுப்புக் கோடு. கை அகலம் இரண்டு பிக்சல், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிக்சல் கோடு, ஆக ஒரு கைக்கு நாலு பிக்சல் போயிற்று. இரண்டு கைக்கு எட்டு. 16-ல் எட்டு கைக்கே போனால் ஆளை எங்கே வைப்பது? மூன்றாவதும் நாலாவதும் முகத்திலேயே மாட்டிக்கொண்டேன். மூக்கு, உதடு, சிரிப்பு, புருவம். 8க்கு 8 கட்டத்தில் இத்தனையும் வைத்தால் முகம் எறும்பு மொய்த்த வெல்லம்.

அப்போதுதான் தம்பி மரியோ கதையை எடுத்துவிட்டான். 1981-ல் டாங்கி காங் விளையாட்டுக்காக ஜப்பானிய கேம் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ அந்த ஆளை வரையும்போது 16க்கு 16 பிக்சல்தான் இடம். வாய் வரைய இடமில்லாததால் பெரிய மூக்கும் மீசையும், ஓடும்போது முடி அசைவதை வரையும் தொல்லை வேண்டாமென்று தொப்பி, வீசுகிற கை உடம்போடு ஒட்டிப்போகாமல் தனியாகத் தெரிவதற்காக வேறு நிறத்தில் மேலங்கி. அந்த மீசையும் தொப்பியும் இடப் பற்றாக்குறையில் பிறந்தவை. இதை நான் முன்னாலேயே எங்கோ படித்திருக்கிறேன், ஆனால் அந்த மூன்றாவது விஷயம், கை தனியாகத் தெரிய வேண்டும் என்பது, அப்போது என் மண்டையில் ஏறவில்லை. மீசையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஆளுக்கும் மீசை உண்டு. மூன்று பிக்சல். வாயை எடுத்துவிட்டேன், விசில் ஊதும்போது மட்டும் மீசைக்குக் கீழே ஒரு வெள்ளைப் பிக்சல் வரும். அப்புறம் காதில் பேனா, ஒரு நீலப் பிக்சல். தோல் பை. இது ஐந்தாவது கண்டக்டர். உருவம் முழுவதையும் ஒரே கறுப்பால் நிரப்பி, நிழலுருவமாக மட்டும் வைத்து அம்மாவிடம் காட்டி, யாரும்மா இது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பால்காரனா?" என்றார்கள். பை இடுப்புக்குக் கீழே தொங்கி பால் கேன் மாதிரி இருந்திருக்கிறது. நிஜ கண்டக்டர் பையைத் தொங்க விடமாட்டார், கக்கத்தில் இடுக்கிக்கொள்வார், அதற்காகவே அந்தத் தோள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பையை நாலு பிக்சல் மேலே ஏற்றி, இடது தோளை ஒரு பிக்சல் உயர்த்தி, மறுபடி காட்டியதும் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு பிக்சல் தோளுக்கு அம்மாவுக்கு டைட்டிலில் பேர் போடப்போகிறேன்.

ஆறாவதாக வண்ணம் பூசினேன். பூசி முடித்து பஸ்ஸுக்குள் நிறுத்திப் பார்த்தால் கையைக் காணோம். டிக்கெட் கிழிக்கிற அசைவு நாலு ஃபிரேமாக, அதாவது அடுத்தடுத்து ஓடுகிற நாலு படமாக, அழகாகச் செய்து வைத்திருக்கிறேன், ஓடும்போது சட்டை லேசாக நெளிகிற மாதிரிதான் தெரிகிறது, கை அசைவதே தெரியவில்லை. காரணம் கையின் பழுப்பும் காக்கியும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம். படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்த்தேன். தோல் 100, காக்கி 124. 255 வரைக்கும் போகிற அளவுகோலில் 24 என்பது ஒன்றுமே இல்லை. முதல் ஐந்து கண்டக்டரிலும் இதேதான் நடந்திருக்கிறது, நான்தான் கோட்டையும் நிழலையும் குறை சொல்லிக்கொண்டு முகத்தையே நோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மியாமோட்டோ மேலங்கி மாட்டிவிட்டது எதற்கென்று அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்குத்தான் உறைத்தது.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ரெடிமேடாகக் கிடைக்கும் வண்ணத் தொகுப்புகளில்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான். பிக்கோ-8 என்கிற குட்டி கேம் எஞ்சினின் 16 வண்ணம் ரொம்பப் பிரபலம். அதில் பீச் பழ நிறம் ஒன்று, பழுப்பு ஒன்று. பீச் நிறத்துக்கு நிழலாகப் பழுப்பு சரியாகப் பொருந்தும். ஆனால் என் ஆள் ஆரம்பிப்பதே பழுப்பில், அவருக்கு நிழல் எங்கே? அடர் ஊதாவுக்குத் தாவ வேண்டியதுதான். நான் இறக்கிப் பார்த்த மற்ற தொகுப்புகளிலும் பழுப்பெல்லாம் மரத்துக்கும் மண்ணுக்கும் என்று வைத்த மாதிரிதான் இருந்தது. எங்கள் பஸ்ஸில் ஏறுகிற ஒருத்தரும் பீச் நிறத்தில் இல்லை. அதனால் 24 வண்ணத்தில் சொந்தமாக ஒரு தொகுப்பு செய்தேன், அதில் எட்டு வண்ணம் தோலுக்கு மட்டும்.

தோலுக்கு நிழல் போடும்போது கடைப் பழக்கத்தில் கறுப்பைக் கலந்தேன், முகம் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிட்டது. நிழலைச் சிவப்பும் ஊதாவும் கலந்த பக்கம் நகர்த்தி, வெளிச்சத்தை ஆரஞ்சுப் பக்கம் நகர்த்தினதும் உயிர் வந்தது. எண்ணாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும்: கண்டக்டரின் தோல் சிவப்பு 122, பச்சை 70, நீலம் 54. நிழல் 78, 38, 50. கன்னத்தில் வெளிச்சம் 190, 124, 82. காக்கியைத் தூக்கி 196, 176, 112-ல் வைத்தேன். இப்போது சாம்பலில் தோல் 84, காக்கி 175. கை சட்டையை விட்டுத் தனியே வந்துவிட்டது. இவ்வளவு வெளிர் காக்கி உண்டா என்று தம்பி கேட்டான். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன காக்கியை அவன் பார்த்ததில்லையா என்ன. பழைய காக்கிதான் நிஜமான காக்கி.

அப்புறம் விரலிடுக்கு. நீளவாக்கில் மடித்த நோட்டுகளை கண்டக்டர்கள் விரலிடுக்கில் செருகி வைத்திருப்பார்களே, அதை வைத்தே தீருவது என்று இருந்தேன். நம் புது நோட்டுகள் இதற்கென்றே அச்சடித்த மாதிரி. 20 ரூபாய் பச்சை கலந்த மஞ்சள், 50 பளீர் நீலம், 100 லாவெண்டர், 200 கெட்டி மஞ்சள், 500 சாம்பல். ஒரு நோட்டுக்கு 1க்கு 3 பிக்சல் கொடுத்தால் போதும், எண்ணே எழுத வேண்டாம், கையில் என்ன இருக்கிறது என்று பார்த்த உடனே தெரியும். விளையாட்டே சில்லறையைப் பற்றியது என்பதால் ஆடுகிறவருக்கு இது பெரிய உதவி, திரையில் தனியாகக் கணக்குப் பெட்டி வைக்க வேண்டாம். இடித்தது 10 ரூபாய் மட்டும். சாக்லேட் பழுப்பு. மினி பஸ்ஸில் அதிகம் புழங்குவதும் அதுதான், பழுப்புக் கையில் காணாமல் போவதும் அதுதான்! அதற்கு மட்டும் மேல் ஓரத்தில் ஒரு வெளிர் பிக்சல் வைத்துத் தப்பித்தேன்.

பொங்கலுக்கு ஆரணி போனபோது சித்தப்பாவிடம் போனில் காட்டினேன். அவர் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கிராப் பேப்பரில் கையாலேயே கட்டம் கட்டமாக நிரப்புவார். நிரப்பின கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை, ஓட்டை இருக்கிற இடத்தில் தறி மேல் இருக்கிற ஜக்கார்டு பெட்டியின் கொக்கி எழும்பி நீளவாக்கில் ஓடுகிற பாவு இழையைத் தூக்கும், ஒரு வரிக்கு ஒரு அட்டை. சின்ன வயதில் அந்த கிராப்புகள் வீடு முழுக்கக் கிடக்கும், அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டு அடி வாங்கியிருக்கிறேன். நான் இப்போது செய்வது அதே வேலைதான் என்பது அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையைப் பார்த்த விதத்தில்தான் எனக்கே தோன்றியது.

"கண்ணுக்கு எதுக்கும்மா ரெண்டு ரெண்டு கட்டம்? புடவையில போடுற அன்னத்துக்கே ஒண்ணுதான் வைப்போம். ரெண்டு வெச்சா முறைக்கும்" என்றார்.

முறைக்கத்தான் செய்தது. வெள்ளை ஒன்று கறுப்பு ஒன்று என்று வைத்திருந்தேன், கறுத்த முகத்தில் அந்த வெள்ளை டார்ச் அடித்தது. வெள்ளையை எடுத்தேன். எடுத்ததும் அடுத்த சிக்கல்: ஒற்றைக் கறுப்புப் பிக்சல் அந்தத் தோலில் எடுபடவில்லை, கண்ணே இல்லாத ஆள் மாதிரி இருந்தார். ஜரிகையில் அன்னம் பளபளக்கும், நடுவில் ஒரு கட்டம் விட்டாலே கண்ணாகிவிடும், எனக்கு அந்த வசதி இல்லை. கடைசியில் கண்ணுக்குக் கீழே கன்னத்து வெளிச்ச நிறத்தில் ஒரு பிக்சல் வைத்தேன். அது பக்கத்தில் இருப்பதால் கறுப்பு தெரிகிறது. சித்தப்பா யோசனையும் என் யோசனையும் ஆளுக்குப் பாதி.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி, "இது என்ன கிராப்பு?" எனக்கு முதலில் புரியவில்லை. அங்குலத்துக்கு இத்தனை பாவு இழை, குறுக்கே இத்தனை ஊடை இழை என்று இருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்காது. அதற்குத் தகுந்த கிராப் பேப்பரை எடுக்காமல் சும்மா சதுரக் கட்டத்தில் வட்டமாக ஒரு புட்டா டிசைன் போட்டால் புடவையில் அது முட்டையாகத்தான் வரும். திரையில் கட்டம் சதுரம்தான் சித்தப்பா என்றேன். ஆனால் எப்போதும் அப்படி இல்லை. 1980களின் நின்டெண்டோ கேம் பெட்டியை டிவியில் மாட்டினால் ஒவ்வொரு பிக்சலும் 8க்கு 7 என்ற விகிதத்தில் கொஞ்சம் அகலமாக வரும். அப்போது வரைந்தவர்கள் அதையும் கணக்கில் வைத்துத்தான் வட்டம் போட்டிருக்க வேண்டும். ஆரணியில் வாழ்நாள் முழுக்க சித்தப்பா பார்த்த அதே தொல்லை.

கண்டக்டர் தேறினதும் பயணிகள் வேகமாக வந்தார்கள். எந்த ஆளை எடுத்தாலும் முகத்தைத் தொடாமல், கையில் என்ன, மடியில் என்ன என்று ஆரம்பித்தேன். மஞ்சப்பை பெரியவருக்கு 4க்கு 5 மஞ்சள் செவ்வகம், வேட்டிக்கு வெள்ளை, வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பூக்காரம்மாவுக்கு மடியில் கூடை, கூடையில் ஒன்றுவிட்டு ஒன்று வெள்ளைப் பிக்சல். பள்ளிக்கூடப் பையனுக்கு அவனைவிடப் பெரிய பை, பின்னால் இருக்கிறவரை இடித்துக்கொண்டு. இடுப்பில் குழந்தை வைத்த அம்மா கொஞ்சம் கஷ்டம், குழந்தையின் எடைக்கு இடுப்பு ஒரு பக்கம் தள்ள வேண்டும், அது இரண்டு பிக்சலாவது நகர்ந்தால்தான் தெரியும், நகர்ந்தால் புடவையின் மடிப்புக் கோடும் சேர்ந்து வளைய வேண்டும். புடவை வரைகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், முந்தானை தோளிலிருந்து குறுக்கே இறங்குகிற அந்த ஒரு சாய்கோட்டை மட்டும் சரியாகப் பிடியுங்கள், கரை, ஜரிகை எல்லாம் அப்புறம். அந்தக் கோடு இல்லையென்றால் எவ்வளவு நிறம் கொட்டினாலும் நைட்டி போட்ட மாதிரிதான் இருக்கும்.

எல்லாரையும்விட நன்றாக வந்தது கோழி. ஒருத்தர் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வருகிற நாட்டுக்கோழி, 7க்கு 6 பிக்சல், கொண்டைக்கு ஒரு சிவப்பு. தலை மட்டும் இரண்டு ஃபிரேம், இடம் வலம், அவ்வளவுதான் வேலை, இருபது நிமிடம். பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஏழு தடவை வரைந்த கண்டக்டரைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அசைவுக்கு வருகிறேன். நடைக்கு நாலு ஃபிரேம் என்பது வழக்கம். வலது கால் முன்னே, கால்கள் சேருகிறது, இடது கால் முன்னே, மறுபடி சேருகிறது. சேரும்போது உடம்பு ஒரு பிக்சல் மேலே எழும்பும். அதைச் செய்து பஸ்ஸுக்குள் விட்டால் கண்டக்டர் பீச்சில் உலாத்துவது போல இருந்தது. கூட்டத்தில் யாராவது அப்படி நடப்பார்களா? மறுபடி செய்தேன்: ஒரு கை மேல் கம்பியில், முதலில் தோள் நுழைகிறது, அப்புறம் பை, அப்புறம்தான் கால் பின்னாலேயே இழுபட்டு வருகிறது. ஃபிரேமுக்கு 120 மில்லி செகண்ட் வைத்தேன், தோள் நுழைகிற ஃபிரேமுக்கு மட்டும் 200. அந்தச் சின்ன நிறுத்தத்தில்தான் நெரிசலே தெரிந்தது.

பஸ் பள்ளத்தில் இறங்கினால் எல்லாரும் குலுங்க வேண்டும். தம்பி எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரு பிக்சல் தூக்கிப் போட்டான். லிஃப்டில் போகிற மாதிரி இருந்தது. டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பழகினவள் நான், முன் சக்கரம் பள்ளத்தில் விழுந்த கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்னால் இருப்பவருக்கு விழும், அதுவும் பின் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பவருக்கு டபுளாக விழும். அதையே சொன்னேன். முன்னால் நிற்பவருக்கு ஒரு பிக்சல், பின்னால் போகப் போகத் தாமதம், கடைசி வரிசைக்கு இரண்டு பிக்சல். "அக்கா, இப்ப எனக்கே இடுப்பு வலிக்குது" என்றான்.

தொழில்நுட்பத் தப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோடோவில் முதலில் போட்டதும் படமெல்லாம் கண்ணீர் வந்த கண்ணில் பார்ப்பது போல மங்கலாக இருந்தது, படத்தைப் பெரிதாக்குகிற டெக்ஸ்சர் ஃபில்டர், பக்கத்து நிறங்களைக் கலக்குகிற லீனியரில் இருந்திருக்கிறது, கலக்காத நியரஸ்டுக்கு மாற்ற வேண்டும், நாங்கள் மாற்றவில்லை. ஒரு தடவை அவசரத்துக்கு படத்தை சாட்டில் போட்டோவாக அனுப்பிவிட்டேன், ஜேபெக்காக மாறி 24 வண்ணம் ஆயிரக்கணக்கில் ஆகிவிட்டது. பிஎன்ஜியை ஃபைலாகவே அனுப்ப வேண்டும், ஃப்ளெக்ஸ் கடையில் வாடிக்கையாளர்களிடம் தினமும் நானே கத்துகிற விஷயம். எல்லா உருவத்தையும் ஒரே தாளில் நெருக்கி அடுக்கியதால் பூக்காரம்மாவின் காலடியில் பக்கத்து ஆளின் முடி ஒரு கோடாக எட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் சுற்றி ஒரு பிக்சல் இடைவெளி விட்டு ஏற்றுமதி செய்ததும் போய்விட்டது. அப்புறம் டிக்கெட் பறப்பதை தம்பி கோடிங்கிலேயே சுழற்றினான். 15 டிகிரி சாய்ந்ததும் அது பிக்சலாகவே இல்லை, சுற்றி இருக்கிற கட்டங்களோடு சேராமல் தனியாக வழுக்கிக்கொண்டு போயிற்று. நாலு கோணத்தை நானே கையால் வரைந்து கொடுத்தேன்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது தமிழ் எழுத்து. ஆங்கில எழுத்தை 5க்கு 5 கட்டத்தில் அடைத்துவிடலாம். தமிழில் க, ப, ட எல்லாம் சமர்த்து. ண வந்தால் ஆட்டம் முடிந்தது, சுழியும் வளைவும் கலக்காமல் இருக்க ஒன்றுவிட்டு ஒன்று வெற்றுக் கட்டம் வேண்டும், 9 பிக்சலுக்குக் குறைந்து என்னால் வரைய முடியவில்லை. ஞ பற்றிப் பேசவே வேண்டாம். உயரத்துக்கு எழுத்து 7, மேலே புள்ளிக்கும் இகரக் கொக்கிக்கும் 2, ழ கீழே இறங்குவதற்கு 2, ஆக வரிக்கு 11 பிக்சல். 180 பிக்சல் திரையில் அது பெரிய இடம்.

அதையும் வரைந்துவிட்டேன் என்று வையுங்கள். படத் துண்டுகளை எழுத்துருவாக வைத்து உரையாடல் எழுதிப் பார்த்தால் "கெ" என்பது க முதலிலும் கொம்பு அதன் பின்னாலுமாக வருகிறது. யூனிகோடில் சேமிக்கிற வரிசை அதுதான், மெய் முதலில், கொம்பு பிறகு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டு வருவது முறையான எழுத்துருவும் அதை வடிவமைக்கிற நிரலும் சேர்ந்து செய்கிற வேலை. வெறும் படத் துண்டை வரிசையாக ஒட்டினால் அது நடக்காது. "கொ" என்றால் இரண்டு பக்கமும் வேறு. அதோடு உகரம், ஊகாரம் ஒவ்வொரு மெய்க்கும் ஒவ்வொரு வடிவம், கு, சு, டு, து என்று 18 மெய்க்கு 36 தனி எழுத்து. மூன்று வாரம் போராடிவிட்டு, பயணிகள் பேசுவதை எழுத்தில் காட்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். பேச்சுக் குமிழில் படம்தான் வரும். ஒரு நாணயம், ஒரு கேள்விக்குறி, ஒரு கோழி. உண்மையில் ஓடுகிற மினி பஸ்ஸில் பாட்டுச் சத்தத்தில் யார் பேசுவது காதில் விழுகிறது?

ஸ்டாப்பிங் பெயர்களை மட்டும் விட மனம் வரவில்லை. 11 பெயரையும் 11 தனிப் படமாகக் கையாலேயே வரைந்தேன். முன்பக்கப் பலகைக்கு 64 பிக்சல் இடம். "ரைஸ்மில்", "ஏரிக்கரை" எல்லாம் அடங்கிவிட்டன. "சுண்ணாம்புக் காளவாய்" மட்டும் பலகையைத் தாண்டி ஹெட்லைட் வரைக்கும் போயிற்று. ஊரில் யாரும் முழுசாகச் சொல்வதில்லையே என்று "காளவாய்" ஆக்கிவிட்டேன்.

கடைசி டிரிப் ராத்திரி. உருவங்களை மறுபடி வரையவில்லை. ஒவ்வொரு பிக்சலும் நிறத்தை வைத்திருக்காமல், தொகுப்பில் எத்தனையாவது நிறம் என்ற எண்ணை மட்டும் வைத்திருக்கிற மாதிரி ஏற்கனவே செய்து வைத்திருந்தேன். தம்பி ஒரு ஷேடர், அதாவது திரையில் நிறம் போடுகிற குட்டி நிரல், எழுதி, பகல் தொகுப்பை எடுத்துவிட்டு ராத்திரித் தொகுப்பை மாட்டினான். ஜன்னலுக்கு வெளியே இருட்டு, உள்ளே கறுத்த தலைகள், எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. பழைய காக்கிப் பிரச்சினை திரும்பி வந்து நிற்கிறது. டியூப்லைட் கைகொடுத்தது. கூரையில் ஓடுகிற வெளுத்த நீல வெளிச்சத்தில் எல்லார் தலை உச்சியிலும் தோளிலும் ஒரு பிக்சல் விழவைத்தேன். தலைகள் இருட்டிலிருந்து பிரிந்து வந்தன. இதற்கு மட்டும் ஒவ்வொரு உருவத்துக்கும் தனி அடுக்கு போட வேண்டியிருந்தது, 31 உருவம், இரண்டு வாரம்.

இன்னும் டிரைவர் பாக்கி. அவர் முதுகும், தோளில் துண்டும்தான் தெரியப்போகிறது, பயப்படவில்லை. பயம் மழையைப் பற்றித்தான். மழை வந்தால் ஜன்னலில் தார்ப்பாயை இறக்க வேண்டும், பயணிகள் எல்லாரும் நடுவில் ஒதுங்க வேண்டும், குடை மடக்க வேண்டும், நனைந்த துணிக்கு இன்னொரு வண்ணத் தொகுப்பு வேண்டும், கோழி உடம்பை உதற வேண்டும். அதனால் இப்போதைக்கு எங்கள் விளையாட்டில் மழையே பெய்யாது. பஸ் ஓடுவது வேலூர் பக்கம் என்று போட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறான் தம்பி.